பந்து யார் கைக்கு

கோபம் புதன்கிழமையே தொடங்கிவிட்டது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் வேரிங் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணி, பெயரைச் சொல்லவே வாய் கூசுகிற ஒரு சின்னக் கல்லூரியிடம் தோற்றது. அதுவும் சொந்த மைதானத்தில். எங்கள் குவார்ட்டர்பேக் கோல்ட்டன் ராய்ஸ்டர் எறிந்த பந்துகளில் மூன்று நேராக எதிரணிக்காரன் நெஞ்சில் போய் உட்கார்ந்தன. குவார்ட்டர்பேக் என்றால் சும்மா இல்லை. பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடவிடுவது என்று மூன்று நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். 'ப்ளே' என்கிற ஆட்டத் திட்டங்கள் அத்தனையும் அவனுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அவன் சொதப்பினால் மற்ற பத்துப் பேரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

வருகிற சனிக்கிழமை யாரை இறக்கப்போகிறார் என்று கோச் வாயைத் திறக்கவில்லை. கோல்ட்டன் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன். அவன் அப்பாவோடு நான் மான் வேட்டைக்குப் போயிருக்கிறேன். இன்னொருவன் டெவ்ரின் மூடி. ஜார்ஜியாவில் ஒரு கல்லூரியை விட்டு இந்த வருடம்தான் எங்களிடம் வந்தவன், கறுப்பினப் பையன். ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. காகித ஆலையில், சர்ச் வாசலில், முடி வெட்டும் கடையில், எங்கே போனாலும் இதே சண்டை.

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து வண்டியில் வரும்போது உள்ளூர் ரேடியோவில் ரசிகர்கள் பேசும் நிகழ்ச்சி ஓடியது. வரிசையாக நான்கு பேர் டெவ்ரினை இறக்கு, டெவ்ரினை இறக்கு என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை ஓரங்கட்டிப் போன் போட்டேன்.

"கேட்ஸ்வில்லேருந்து டெல்மர் ஹக்கபி பேசறேன். கோல்ட்டனையே இறக்குங்க. அந்த மூடிப் பையனுக்குக் கால் இருக்கு, தலை இல்ல. எத்தன தடவ சொல்லிக் குடுத்தாலும் ப்ளே அவன் மண்டைல நிக்காது. ஓரத்துல நிறுத்தி ஓடவிடுங்க, அவன் அதுக்குத்தான்."

நிகழ்ச்சி நடத்துகிறவன் சிரித்தான். நான் திருப்தியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை ஆட்டம் மதியம் இரண்டரைக்கு. காலை எட்டுக்கே ஸ்டேடியத்துக்கு எதிரே வண்டி நிறுத்தும் திடலில் கூடாரம் அடித்துவிட்டோம். ஆட்ட நாளென்றால் அங்கேயே கறி சுட்டுத் தின்பதுதான் ஊர் வழக்கம். பத்தொன்பது வருடமாக அதே இடம், அதே ஆட்கள்: நான், என் மனைவி ரெபா, ஹோலிஸ் பெட்வே. ஹோலிஸுக்கும் எனக்கும் வயது ஐம்பத்தேழு. ஒரே பள்ளி, ஒரே அணி, பிறகு ஒரே ஆலை. அவன் மனைவி இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நான் ஒருவன். அவர்களில் வெள்ளைக்காரன் நான் மட்டும்தான். அவனுடைய விலா எலும்புக் கறிக்காகவே பக்கத்துக் கூடாரக்காரர்கள் தட்டோடு வந்து நிற்பார்கள்.

அன்று அவன் பதினோரு மணிக்குத்தான் வந்தான். கறி இல்லை. நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ஜனெல் கூட வந்திருந்தாள். இருவரும் உட்காரவில்லை.

"என்னடா, இப்பதான் விடிஞ்சுதா உனக்கு?" என்றேன்.

"புதன்கிழம ரேடியோல பேசினது நீதான?"

"நாந்தான். ஏன், தப்பா சொல்லிட்டனா?"

"எனக்கு டெவ்ரின்தான் இறங்கணும்."

"இறங்குவான், இறங்குவான். கோல்ட்டன் கால் ஒடிஞ்சு கெடந்தா இறங்குவான்."

ரெபா சிரித்தாள். ஹோலிஸ் சிரிக்கவில்லை.

"கோல்ட்டன் மூணு பந்த எதிரிக்கு எறிஞ்சான். அவனுக்குத் தலை இல்லன்னு நீ சொல்லல. கை சரியில்ல, காத்து அடிச்சுது, முன்னாடி நிக்கிறவன் தடுக்கலன்ன. டெவ்ரின் இந்த வருஷம் மொத்தமே பன்னெண்டு பந்துதான் எறிஞ்சிருக்கான். ஒண்ணு தப்பல. அவனுக்குத் தலை இல்லன்னு உனக்கு யாரு சொன்னா?"

"கண்ணால பாத்தாலே தெரியுது. அவன் ஓடறவன்டா. ஓட்டக்காரன்."

"திரும்பச் சொல்லு. ரேடியோல சொன்னத அப்படியே சொல்லு."

எனக்கும் ரத்தம் ஏறிவிட்டது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். "கால் இருக்கு, தலை இல்ல. எத்தன தடவ சொல்லிக் குடுத்தாலும் ப்ளே மண்டைல நிக்காது. ஓரத்துல நிறுத்தி ஓடவிடு. போதுமா? இன்னொரு தடவ வேணுமா?"

"போதும்" என்றான் ஹோலிஸ். அவன் குரல் இறங்கிவிட்டது. "இத எங்கயோ கேட்டிருக்கமேன்னு மூணு நாளா யோசிச்சேன். நேத்து பல்லு தேய்க்கிறப்ப ஞாபகம் வந்துச்சு. எண்பத்தஞ்சு ஆகஸ்ட்டு. நம்ம பள்ளிக்கூடக் கோச் டாப்ஸ் என்னச் சாமான் ரூமுக்குக் கூப்பிட்டாரு. 'ஹோலிஸ், உனக்குக் கால் இருக்கு, தலை இல்ல. எத்தன தடவ சொல்லிக் குடுத்தாலும் ப்ளே உன் மண்டைல நிக்காதாமே. இனிமே ஓரத்துல ஓடு'ன்னாரு. ஒரு எழுத்து மாறல, டெல்மர்."

நான் குனிந்து கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

"நிக்காதாமேன்னாரு. நிக்காதுன்னு சொல்லல. இத்தன வருஷம் அந்த 'ஆமே' என் காதுல விழவே இல்ல. அவருக்கு யாருடா சொன்னது?"

யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். அந்தக் கோடையில் குவார்ட்டர்பேக் இடத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான் போட்டி. ஒரு நாள் பயிற்சி முடிந்து கோச் தன் வண்டியில் என்னை வீட்டில் இறக்கிவிட வந்தார். வழியில், "பெட்வே பையன் நல்லா எறியறானே, ப்ளே எல்லாம் மனப்பாடமா அவனுக்கு? நீங்க ஒண்ணாத்தான படிக்கிறீங்க?" என்று கேட்டார். ஒன்றாகத்தான் படித்தோம். ஹோலிஸ் வீட்டுச் சமையலறை மேஜையில். திட்டப் புத்தகம் முழுவதும் அவனுக்கு ஒரே வாரத்தில் ஏறிவிட்டது. எனக்கு ஏறவில்லை. உப்பு டப்பா, மிளகு டப்பா, ஸ்பூன்களை எல்லாம் ஆட்களாக நிறுத்தி அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். கோச்சிடம் நான் சொன்ன பதில் வேறு. அவர் அதை நம்புவதற்கு ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

"கேக்கறனே" என்றான் ஹோலிஸ்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. எனக்கு வந்தது கோபம். இத்தனை பேர் முன்னால் என்னைப் பிடித்து நிறுத்துகிறானே என்ற கோபம்.

"ஆமாண்டா, நாந்தான் சொன்னேன். பதினேழு வயசுடா எனக்கு. எனக்கும் ஆடணும்னு இருந்துச்சு. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்ததத் தோண்டிக்கிட்டு வர்ற? ஒரு பள்ளிக்கூட டீமு. அத வச்சு நான் என்ன, கோட்டையா கட்டிட்டேன்? நீ ஓடற ஆட்டத்தயும் ஆடிட்டுத்தான இருந்த? நானும் உன்ன மாதிரி அதே ஆலைலதான் கெடக்கறேன்."

"நீங்க ஃபோர்மேனாக் கெடக்கறீங்க" என்றாள் ஜனெல்.

அப்பாவைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"ரெண்டு தடவ அப்பாவ ஃபோர்மேன் பரீட்சை எழுதச் சொன்னாங்க, அங்கிள். ரெண்டு தடவயும் வேணாம்னுட்டாரு. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா? எங்கம்மா சண்டை போட்டு மூணு நாள் பேசாம இருந்தாங்க. அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. எனக்குப் படிச்சது தலைல நிக்காதுன்னு. நான் சின்னப் புள்ளையா கணக்கு நோட்டத் தூக்கிட்டுப் போவேன். 'அப்பாவுக்கு அதெல்லாம் ஏறாதும்மா, அம்மாகிட்ட கேளு'ம்பாரு. நானும் நம்பினேன். எங்கப்பாவுக்குப் புத்தி கம்மின்னு நம்பித்தான் வளந்தேன்."

"ஜனெல், விடு" என்றான் ஹோலிஸ்.

"எதுக்கு விடணும்? இவரு எங்க வீட்டு மேசைல எத்தன தடவ சாப்பிட்டிருக்காரு?"

ரெபா என் கையைப் பிடித்தாள். உதறினேன். ஹோலிஸ் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திருப்பி அடித்திருக்கலாம். அவன் எங்கள் வண்டியின் பின்பக்கம் போய், போன வருடம் விட்டுப்போன தன் அடுப்பு வலையையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டான்.

"பொய் சொன்னது கூடப் பரவால்லடா. அப்ப நீ சின்னப் பையன்" என்றான். "அதே பொய்ய இந்த வயசுல, இன்னொரு புள்ளைய பத்தி, கூசாம எடுத்து ரேடியோல விடற பாரு. அதத்தான் என்னால தாங்க முடியல."

இருவரும் வண்டிகளுக்கு நடுவே நடந்து போனார்கள்.

"போய்க் கூப்பிடுங்க" என்றாள் ரெபா.

"நீ வாய மூடு" என்றேன். முப்பத்தோரு வருடத்தில் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் கூடாரத்திலேயே இருந்துவிட்டாள். ஸ்டேடியத்துக்குள் தனியாகப் போனேன்.

கோச் டெவ்ரினைத்தான் இறக்கினார்.

அடுத்து நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. என் சொந்த அணி தோற்க வேண்டும் என்று அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். அந்தப் பையன் திட்டத்தை மறக்க வேண்டும், பந்தைக் கீழே போட வேண்டும், எழுபதாயிரம் பேரும் பார்க்க வேண்டும். அப்போது நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும். இந்த வருடத்தில் சொன்னதாவது.

அவன் மறக்கவில்லை. எதிரணி நிற்கிற விதத்தைப் பார்த்துவிட்டு, பந்து கைக்கு வருவதற்கு முன்பே ஆட்களை இடம் மாற்றினான். இடது பக்கம் கை காட்டிக் கத்தினான். இரண்டு பேர் நகர்ந்தார்கள். காலியான இடத்தில் பந்து போய் இறங்கியது. இருபத்தேழுக்குப் பதினேழு என்று ஜெயித்தோம். என் பக்கத்தில் இருந்த கிழவர் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். நான் மரம் மாதிரி நின்றேன்.

மறுநாள் சர்ச் முடிந்து ஹோலிஸ் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டும்போதும் கோபம் அடங்கவில்லை. வழியெல்லாம் அவனுக்கு எதிராக வாதாடிக்கொண்டே வந்திருந்தேன். ஹோலிஸ் கம்பிவலைக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே பேசினான்.

"ஹோலிஸ், நான் செஞ்சது தப்பு."

"தெரியும்."

"மன்னிச்சிரு."

"எதுக்கு? நான் மன்னிச்சா நீ நல்லாத் தூங்குவ. எனக்கு என்ன வரும்?"

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"என்கிட்ட சொல்லாத. அவகிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டான்.

ஜனெல் வந்து நின்றாள். அவளிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது. சமையலறை மேஜையைச் சொன்னேன். ஒரே வாரத்தில் அவள் அப்பா முழுப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். உப்பு டப்பாவையும் ஸ்பூன்களையும் வைத்து எனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். கோச்சிடம் நான் சொன்னதைச் சொன்னேன்.

"எங்க டீம்லயே உங்கப்பாவுக்குத்தான் நல்ல தலை" என்றேன். "எனக்கு அது தெரிஞ்சிருந்தது. அதனாலதான் சொன்னேன்."

அவள் அழவில்லை. உள்ளே திரும்பி, "கேட்டீங்களாப்பா?" என்றாள். அவன் ஏதோ முணுமுணுத்தான், எனக்குக் கேட்கவில்லை. அவள் மரக்கதவையும் சாத்தினாள்.

ஹோலிஸ் அதன் பிறகு எங்கள் கூடாரத்துக்கு வரவில்லை. ஆலையில் வேலை விஷயம் மட்டும் பேசுவான், "சரி", "முடிஞ்சுது", அவ்வளவுதான். ரெபா ஒரு மாதம் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. எனக்கு எல்லார் மேலும் எரிச்சல்: செத்துப்போன டாப்ஸ் மேல், கேட்டவுடனே நம்பிய அவர் தலையாட்டல் மேல், ரேடியோக்காரன் சிரிப்பின் மேல். எல்லாரையும் திட்டி முடித்த பிறகு மிஞ்சுவது நான்தான்.

நவம்பரில் கடைசி ஆட்டம். ஐஸ் வாங்கப் போனவன் திடலின் மறுகோடியில் அவர்களைப் பார்த்தேன். ஜனெலின் வண்டி. பின்பலகையைக் கீழே இறக்கி, அதன் மேல் ஹோலிஸ் காகிதக் கப்புகளை ஆட்டக்காரர்களாக வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தான். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் இளவட்டங்கள். ஒருவன், "இவன் இங்க வந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று ஒரு கப்பை நகர்த்தினான்.

"வரட்டுமே. அவன் வந்தா இந்த எடம் காலி. டெவ்ரின் அத முன்னாடியே பாத்துடுவான்" என்று சொல்லி ஹோலிஸ் இன்னொரு கப்பை இழுத்தான். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

அவன் என்னைப் பார்த்தானா என்று தெரியாது. ஐஸ் மூட்டை கையை மரத்துப்போகச் செய்தது. கை மாற்றிக்கொண்டு எங்கள் கூடாரத்தின் பக்கமாக நடந்தேன்.