மூன்று குரல்

சிவகாசிக்கு மேற்கே பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வெடியுப்பு சலித்துவந்த கண்ணுச்சாமியின் பிள்ளைகள் உப்பாக வடிந்துபோனார்கள். முதல் மகன் 1954 ஆவணியில் பதினான்கு நாள் இருந்தான். இரண்டாமவன் 1957 தையில் பதினாறு நாள். பால் குடித்தும் வாடினார்கள், கக்கினார்கள், தொட்டில் சேலையில் வெள்ளையாகப் படிந்தார்கள். பருத்தி விலையைக் கேட்பதுபோலவே தெருவார் அதையும் கேட்டுக்கொண்டனர். தம் உடம்பில் ஏறிய வெடியுப்பே பிள்ளைகளுக்கு இறங்கிவிட்டதென்று நம்பிய கண்ணுச்சாமி, இனி வீட்டில் உப்பே புழங்குவதில்லையென்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். சேலையில் படிந்ததை ஆற்றில் கரைக்கச் சொன்னார். அவருடைய அக்காள் மகளும் மனைவியுமான முத்துப்பேச்சி தலையசைத்தார், கரைக்கவில்லை. பெயர் வைக்கப்படாத இருவரையும் ஒரே சாடியில் இட்டு, பானைகளுக்குப் பின்னே ஒளித்துவைத்தார்.

1961இல் பிறந்த மகளும் ஒன்பதாம் நாள் வெளுக்கத் தொடங்கினாள். தெரு ஆடுகள் தொட்டில் கயிற்றை நக்க வந்தன. அம்மை குத்த வந்த நர்ஸ் ஞானபூரணி, சேலையை விரலால் தொட்டுச் சுவைத்தார்.

"இது வெறும் சோத்து உப்புத்தான் தாயி!"

"வெடியுப்பும்மா. எந் தொழில் செஞ்ச பாவம்," என்றார் கண்ணுச்சாமி.

"பதினஞ்சு வருசமா சலிக்கீக. ஒரு நாளாச்சும் நெருப்புல போட்டுப் பாத்தீகளா?"

அவர் சேலை உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துத் தணலில் இட்டார். வெடியுப்பைப்போலச் சீறவில்லை, சோற்றுப்பைப்போலப் பொரிந்தது.

"குண்டிக்காய்க்கு, அதான் கிட்னிக்கு, மேல ரெண்டு சுரப்பி இருக்கு. ஒடம்புல உப்ப நிறுத்துற நீர் அதுலதான் ஊறணும். இவளுக்கு ஊறல. அந்தக் குறை, மாமனும் மருமகளுமான ஒங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் பாதிப் பாதியா ஒளிஞ்சிருக்கு. மதுரையில மாத்திரை இருக்கு. எழுதிப் போடுதேன். அதுவரைக்கும் உப்புத் தண்ணி குடுங்க."

"நேந்துக்கிட்டது..." என்று இழுத்தார் கண்ணுச்சாமி.

"சும்மா இருங்க மாமா. ஆத்தாளுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்," என்றார் முத்துப்பேச்சி.

வீட்டில் ஒரு கல் உப்பில்லை. கடை இரண்டு மைல். வெள்ளிக்கிழமையாதலால் அக்கம்பக்கத்தில் உப்புக் கொடுப்பாருமில்லை. குழந்தையின் உதடு நீலமாயிற்று. முத்துப்பேச்சி சாடியைத் திறந்தார். அதன்பின் கடை உப்பைக் குழந்தை கக்கியது. சாடி உப்பை மட்டுமே ஏற்றது. ஒவ்வொரு கரண்டியிலும் போவது எந்த மகனென்று தெரியாமல் அவர் அழுதார். மாத்திரை வர இருபது நாளாயிற்று. அன்று சாடி காலியாயிற்று. அதை அவர் கழுவவில்லை. நேர்ச்சையைத் தாம் ஒருவராகவே சுமந்து, அன்றுமுதல் உப்பில்லாமல் உண்டார்.

1966இல் முதல் வகுப்பில் ஆசிரியர் "சண்முகத்தாய்" என்று அழைத்தபோது, அந்தச் சிறுமியின் வாயிலிருந்து ஒரு பெண்குரலும் இரண்டு ஆண்குரல்களும் "உள்ளேன் ஐயா" என்றன. ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார்; ஒரே ஒரு கோடிட்டு அடுத்த பெயருக்குப் போனார். வாசலில் நின்ற முத்துப்பேச்சி மூன்றையும் எண்ணிக்கொண்டு, தம் உப்பில்லாக் கஞ்சியைக் குடிக்க வீட்டுக்கு நடந்தார்.