ஒரு நாள் சமையலறை

சிநேகாவின் பிரவுனி காலனியில் வெந்து ஊருக்குள் போய்த்தான் விலைபோகும். மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் போகும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே பிரிகிற தார் ரோடு அந்தக் கிராமத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. ஒரு பக்கம் காலனி, சர்ச், தண்ணீர்த் தொட்டி. மறு பக்கம் ஊர். சனிக்கிழமை மூன்று மணிக்கு அட்டைப் பெட்டிகளை அம்மாவின் ஸ்கூட்டியில் அடுக்கிக்கொண்டு, சிநேகா அந்த ரோட்டைக் கடந்து பொன்னி வீட்டுக்குப் போவாள். கேக் வாங்குகிறவர்கள் அங்கேதான் காரில் வருவார்கள்.

இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் முதல் ஆர்டர் வந்தபோது, "லொகேஷன் அனுப்புங்க" என்று ஒரு அம்மா கேட்டாள். சிநேகா சற்று நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொன்னி வீட்டு லொகேஷனை அனுப்பினாள். அங்கே கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று தனக்குத் தானே காரணமும் சொல்லிக்கொண்டாள். காரணம் பொய்யில்லை. பொன்னியின் அப்பா காசிநாதன் லோடு வேன் வைத்திருப்பவர்; வாசலில் இரண்டு வேன் திரும்புகிற அளவுக்கு இடம் உண்டு. சிநேகாவின் வீடு இருக்கும் சந்தில் ஆட்டோ திரும்புவதே கஷ்டம்.

பொன்னியும் அவளும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது செங்கல்பட்டுக் கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போகிறார்கள். பஸ்ஸில் பொன்னி சிநேகாவின் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்பாள், அவள் தண்ணீரைக் குடிப்பாள். ஆனால் காலனிக்குள் பொன்னி வந்ததில்லை. பொன்னியின் வீட்டிலும் சிநேகா கூடத்து நாற்காலி வரைக்கும்தான் போயிருக்கிறாள். யாரும் அவளைத் தடுத்ததில்லை. தடுக்க வேண்டிய அவசியம் வராதபடி அவள் நடந்துகொண்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில்தான் கேளம்பாக்கத்து ரேணுகா மேடத்தின் ஆர்டர் வந்து சேர்ந்தது. அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆண்டு விழா. முந்நூறு கப்கேக், நூறு பிரவுனி. சிநேகா இதுவரை ஒரு நாளில் செய்ததில் பெரியது அறுபதுதான். இது கிடைத்துவிட்டால் அந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் தன் பெயர்தான் சொல்லப்படும் என்று அவள் நினைத்தாள். கல்லூரி முடிந்ததும் வேலை தேடி அலையாமல் இதையே தொழிலாகச் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் ரேணுகா, குழந்தைகள் சாப்பிடுவது என்பதால், செய்கிற இடத்தை நேரில் வந்து பார்ப்பார். ஒரு சின்ன வீடியோ எடுத்து குரூப்பில் போடுவார்.

பொன்னியின் அம்மா சரோஜாதான் அதற்கு வழி சொன்னாள்.

"இதுக்குப் போயி ஏன் மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? ஒரு நாளைக்கி ஓவன இங்க கொண்ணாந்து வையி. நம்ப கிச்சன காட்டிட்டா முடிஞ்சி போச்சி. அவங்க இன்னா தெனிக்கும் வந்து பாக்கப் போறாங்களா?"

சிநேகாவுக்கு அந்த அம்மாவின் காலில் விழலாம் போலிருந்தது. வீட்டில் சொன்னபோது அம்மா ஜெபா பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினாள். அப்பா கிருபாகரன் மட்டும், "நம்ப வூட்ட காட்டுனா இன்னா?" என்றார். "நம்ப வூட்ட காட்டுனா ஆர்டர் வராதுப்பா" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை வழக்கமான ஆர்டர் எதுவும் அவள் எடுக்கவில்லை. பத்து மணிக்கு அப்பாவே தன் வண்டியின் பின்னால் ஓவனைக் கட்டி எடுத்துவந்து பொன்னி வீட்டு கேட்டருகே இறக்கினார். வீட்டை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"உள்ளாற கிச்சன்ல மஞ்ச கலர் கீதே, அது நான் அடிச்சதுதான். ரெண்டு கோட்டு. போன தீவாளிக்கி." சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஓவனைப் பொன்னி உள்ளே தூக்கிப் போனாள். மாவு, முட்டை, வெண்ணெய், கொக்கோ, காகிதக் கிண்ணங்கள் எல்லாவற்றையும் பையோடு சிநேகா எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். சமையலறை வாசலில் சரோஜா நின்றிருந்தாள். வழியை மறித்து நின்றாள் என்று சொல்ல முடியாது. ஆனால் விலகவில்லை.

"பைய அவகிட்ட குடும்மா. உள்ள சாமி அலமாரி கீது பாரு... தப்பா எடுத்துக்காத. அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா பேஜாரு. நீ பின்பக்கம் ஜன்னலாண்ட நின்னுகினு சொல்லு, பொன்னி அப்பிடியே செய்வா. வர்றவங்களுக்கும் பொன்னிதான் செய்றான்னு இருக்கட்டும். யார் செஞ்சா இன்னா, ஆர்டர் உனுக்குத்தானே?"

அவள் குரலில் கடுமையே இல்லை. சிநேகா பையைக் கொடுத்தாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், துணி துவைக்கும் கல்லருகே ஜன்னலுக்கு வெளியே நின்றாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா அடித்த மஞ்சள் சுவர் தெரிந்தது.

"அளந்து கொட்டு. அழுத்தாத."

"இன்னாடி இது, லேப்ல நிக்க வெச்ச மாதிரி" என்று பொன்னி சிரித்தாள். அம்மாவின் புது ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது விளையாட்டாகத்தான் இருந்தது.

கப்கேக் மாவு கலந்து தயாராக இருந்தது. மேடம் வந்ததும் அவர் கண் முன்னால் ஊற்றலாம் என்று சரோஜா நிறுத்தி வைத்தாள். சோடா கலந்த மாவு காத்திருக்காது என்று சிநேகா ஜன்னல் வழியாகச் சொன்னாள். "பத்து நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது" என்று பதில் வந்தது. மேடத்தின் கார் வர முக்கால் மணி நேரம் ஆனது; அதற்கு இருபது நிமிஷம் முன்னால்தான் பிரவுனித் தட்டு ஓவனுக்குள் போயிருந்தது.

ரேணுகா நல்ல மாதிரியான பெண். செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு வந்தார். சமையலறையைப் பார்த்து, "எவ்ளோ நீட்டா வெச்சிருக்கீங்க ஆன்ட்டி" என்றார். சரோஜா, "எல்லாம் பொண்ணு வேலதாம்மா" என்றாள். பொன்னி தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் போனை உயர்த்திப் பிடித்தார்.

"சிநேகா, நீங்க சும்மா கேஷுவலா பேசுங்க. பிரவுனி வெந்துடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுப்பீங்க?"

சிநேகா என்று தன்னைக் கூப்பிடுவது புரிய பொன்னிக்கு ஒரு நொடி ஆயிற்று. பிறகு தட்டை வெளியே இழுத்து ஒரு பல்குச்சியைக் குத்தி எடுத்தாள். "குச்சி சுத்தமா வரணும் மேடம். ஒட்டக் கூடாது."

"பிரவுனிக்குமா?" மேடம் போனைத் தாழ்த்தினார். "கேக்குக்குத்தானே அப்படி? நானும் வீட்ல ட்ரை பண்ணியிருக்கேன், ஒவ்வொரு தடவையும் காஞ்சு போயிடுது. ஒருத்தர் வீட்ல சாப்பிட்டேன், உங்களோடது மட்டும் நடுவுல ஈரமா இருந்துச்சு. அதத்தான் கேக்கணும்னு வந்தேன்."

பொன்னி ஜன்னலைப் பார்த்தாள்.

"குச்சியில ஈரமா ரெண்டு துணுக்கு ஒட்டணும்" என்று வெளியிலிருந்து சிநேகா சொன்னாள். குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. "மேல பேப்பர் மாதிரி தோல் வெடிச்சிருக்கும். அப்பவே எடுத்துடணும். தட்டோட சூட்டுல மீதி வெந்துடும்."

மேடம் ஜன்னலருகே வந்து கம்பி வழியாகப் பார்த்தார். "இது யாரு?"

"அது கூடமாட ஒத்தாசைக்கி வர்ற பொண்ணும்மா" என்றாள் சரோஜா. "பாத்திரம் கழுவும்."

சரோஜா சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னாள். சமாளிக்கத்தான் சொன்னாள். சிநேகாவுக்கு அது தெரியும். இன்னும் ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்தால் ஆர்டர் தன் கையில் என்பதும் தெரியும். பொன்னி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேடம் போனை மறுபடி உயர்த்தினார். அந்த வீடியோவில் மஞ்சள் சுவர் இருக்கும், பொன்னி இருப்பாள், தன் பெயரும் இருக்கும்.

"மேடம்" என்றாள். "நான்தான் சிநேகா. உங்களுக்கு மெசேஜ் பண்றதும் நான்தான், செய்யறதும் நான்தான். இது பொன்னி வூடு. எங்க வூடு ரோட்டுக்கு அந்தாண்ட கீது. சின்ன வூடுதான், சுத்தமா இருக்கும். ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

ஓவனின் டைமர் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தாண்ட காலனிம்மா" என்று சரோஜா மெதுவாகச் சொன்னாள்.

"ஓ" என்றார் ரேணுகா. பையில் போனைப் போட்டுக்கொண்டார். "எனக்கு அந்த மாதிரியெல்லாம் கிடையாதும்மா, புரிஞ்சுக்கோங்க. ஆனா வேற ஒருத்தர் வீட்டைக் காட்டி, வேற ஒரு பொண்ண நிக்க வெச்சு... முந்நூறு குழந்தைங்க சாப்பிடற விஷயம். நாளைக்கு குரூப்ல யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ஆமா மேடம்" என்றாள் சிநேகா. "அது என் தப்புதான்."

அதை அவள் மனதாரச் சொன்னாள். மேடம் ஒரு விநாடி அவளைப் பார்த்தார். "டைம் ஆயிடுச்சு. மெசேஜ் பண்றேன்" என்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிஷத்து நடைதான். கார் நேராகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத் திரும்பிப் போயிற்று.

"நல்லது பண்ணப் போனா இதான் கெதி" என்று சரோஜா முணுமுணுத்துக்கொண்டே கூடத்துக்குப் போய்விட்டாள்.

சூடு தணிந்ததும் பொன்னி ஓவனைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஏன்டி வாயத் தொறந்த? லூசு. இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்திருந்தா முந்நூறுடி!"

"யாருது முந்நூறு?"

"இன்னாது?"

"உன்ன சிநேகான்னு கூப்டாங்க. என்னிய உங்கம்மா பாத்திரம் கழுவறவன்னாங்க. அப்போ அந்த முந்நூறு யாருதுடி?"

பொன்னி ஓவனைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கலந்த மாவை எடுத்து வந்தாள். ஓவனின் ஒரு பக்கத்தைச் சிநேகா பிடித்தாள். மாவுப் பாத்திரத்தை அதன் மேலேயே வைத்துக்கொண்டார்கள். கேட்டைத் தாண்டும்போது, "பொன்னி, எங்க போற?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "இத வெச்சிட்டு வந்துடறேம்மா" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். ரோட்டைக் கடந்து, சர்ச்சைத் தாண்டி, இரண்டாவது சந்துக்குள் நுழைந்தார்கள். குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் வந்து பொன்னி சுற்றிலும் பார்த்தாள். "கிச்சன் எங்கடி?"

"நீ நிக்கிற எடந்தான்."

"இவ்ளோண்டா?"

"இவ்ளோண்டுதான்மா" என்றாள் ஜெபா, ஸ்டூலை இழுத்துப் போட்டபடி. "ஆனா ஒன்ற வருசமா உங்க வூட்டாண்ட வந்த கேக்கு எல்லாம் இதுலதான் வெந்துச்சி. உக்காரு."

பொன்னி உட்கார்ந்தாள். சிநேகா அந்த மாவைக் காகிதக் கிண்ணங்களில் ஊற்றி உள்ளே வைத்தாள். எழும்பாது என்று தெரியும். எழும்பவில்லை. தட்டையாக, நடுவில் குழிந்து வந்தன. மூன்று பேரும் சூட்டோடு பிய்த்துத் தின்றார்கள். "ருசியெல்லாம் அப்பிடியேதான்டி கீது" என்றாள் பொன்னி. அதற்குள் அவள் போன் இரண்டு தடவை அடித்தது. எழுந்து போனாள்.

சாயந்திரம் ரேணுகாவின் செய்தி வந்தது. ஆர்டரை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்களாம். வாழ்த்துகள் என்று முடித்து ஒரு பூவும் போட்டிருந்தார். சிநேகா அதை இரண்டு தடவை படித்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. பிறகு சனிக்கிழமை வாங்குகிற ஏழு பேருக்கும் லொகேஷனோடு ஒரே செய்தியை அனுப்பினாள்.

"இனிமேல் கேக் வாங்கிக்கொள்ளும் இடம் இது. என் வீடு. இத்தனை நாள் அனுப்பியது தோழியின் வீடு. முன்பே சொல்லியிருக்க வேண்டும். கார் சந்துக்குள் வராது, சர்ச் வாசலில் நிறுத்தலாம். சனிக்கிழமை மூன்றிலிருந்து ஆறு மணி வரை."

திங்கட்கிழமை பஸ்ஸில் பொன்னி பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா பேசலடி என்கிட்ட" என்றாள்.

அந்த வாரம் பெட்டிகளைக் குறைக்கலாமா என்று ஜெபா கேட்டாள். சிநேகா எப்போதும் போல ஏழு பேருக்கும் செய்தாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு வாசலில் ஒரு மேசையைப் போட்டு, மேலே துணி விரித்து, பெட்டிகளை அடுக்கினாள். நான்கு மணிக்குப் புதுப்பட்டினத்திலிருந்து ஆனந்தன் சார் பைக்கில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"அட்ரஸ மாத்திட்டீங்களா? இதான் எனுக்குக் கிட்ட. அங்க அந்த வேன் நடுவுல நிக்கும், பேஜாரு."

நாலரைக்கு ஒரு கார் சந்துக்குள்ளேயே நுழைந்து மாட்டிக்கொண்டது. ஜெபா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, "வரலாம், வரலாம்... நில்லு! ரைட்டுல ஒடி" என்று கத்தி அதைப் பின்னால் எடுக்க வைத்தாள். காரிலிருந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். உள்ளே பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. மேசைமேல் ஐந்து பெட்டிகள் இருந்தன. வெயில் இறங்கிச் சுவரோரம் போயிற்று.

"எடுத்து உள்ள வெச்சிடலாமா?" என்று ஜெபா கேட்டாள். "அவங்கள்லாம் வர்ற மாதிரி தெரியல."

"ஆறு மணின்னு சொல்லியிருக்கேம்மா" என்றாள் சிநேகா.

மணி ஐந்து இருபது. ஸ்டூலை மேசைக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, சந்தின் முனையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.