அவர் மூடிய கடைசி ஸ்பிண்டில்

சவப்பெட்டிக்கு முன்னால் ஊதுபத்தியை நட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் பெய்ச்சுவானுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பிக்குணிகளின் ஓதலுக்கு அடியில், வீட்டுக்குப் பின்னாலிருந்த பட்டறையிலிருந்து, மெல்லிய சீரான ரீங்காரம். ஸ்பிண்டில் ஓடுகிறது. அப்பாவை இன்னும் எடுக்கவில்லை.

பந்தலில் டெங் சித்தப்பாவைக் காணோம். அப்பாவின் தொழில் கூட்டாளி அவர். சொந்தமில்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது. தைச்சுங்கில் மில்லிங் மெஷின் வைத்திருப்பவர்கள், அதன் சுழலும் தண்டான ஸ்பிண்டில் சூடேறிக் கத்தத் தொடங்கினால் இவர்கள் இருவரிடம்தான் கொண்டுவருவார்கள்.

சில மாதங்களுக்கு முன் அப்பா போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் மூடி வெச்ச ஸ்பிண்டில யாரோ திறக்குறாங்கம்மா. போல்ட்டுல அடையாளத்துக்கு நான் போட்ட மைக்கோடு தள்ளி நிக்குது."

"யாருப்பா?"

"பட்டறையில நானும் டெங்கும்தான் இருக்கோம்."

அந்த வாரமே டெங்கிடமிருந்து பட்டறைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அதன் பிறகு இரண்டு ஸ்பிண்டில்கள் பேரிங் கருகித் திரும்பி வந்தன. சாவி பறிபோவதற்கு முன்பே டெங் செய்துவைத்த வேலை என்று அப்பா சொன்னார், அவளும் நம்பினாள். பிறகு ஒரு காலையில் மெஷினடியிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

அவள் பட்டறைக் கதவைத் தள்ளினாள்.

"உள்ள வராத," என்றார் டெங், திரும்பாமலே. "சட்டையில சணல் துணி குத்தியிருக்க. நூல் உதிரும். சாம்பல் வேற."

"சாவி ஏது?"

"உங்கம்மா குடுத்தாங்க."

"அம்மாவா?"

அவர் ஸ்பிண்டில் உறைமேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். பெய்ச்சுவான் துக்கத் துணியைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

"அப்பா மூடினத எதுக்குத் திறந்தீங்க? அவரு போயும் விட மாட்டீங்களா?"

டெங் மேசையிலிருந்த தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். வழித்தெடுத்த கிரீஸ் அதில் குவியலாகக் கிடந்தது.

"இவ்வளவு வேகத்துல சுத்துற பேரிங்குக்கு இதுல கால்வாசிகூட வேணாம். அதிகமானா அதுவே சூடாகி எரிச்சுடும். உங்கப்பாதான் எனக்கே சொல்லிக் குடுத்தாரு."

"அப்புறம்?"

"கிரீஸ் வெச்சுட்டு டீ குடிக்கப் போவாரு. வந்து மறுபடி வெப்பாரு. சில நாள் மூணாந்தரமும். வெச்சது ஞாபகம் இருக்காது."

ஸ்பிண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"அவரு வீட்டுக்குப் போனதும் திறந்து சுத்தம் பண்ணி மூடுவேன். சாவி போனதும் முடியல. அந்த ரெண்டும் அப்பத்தான் கருகுச்சு."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு?"

துரோகி என்று தெருவே கேட்க அப்பா இவரைத் திட்டியதை அம்மாதான் சொன்னாள். அதைச் சொல்லும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது பெய்ச்சுவானுக்கு இப்போதுதான் உறைத்தது.

"இது அவர் கடைசியா மூடினது," என்றார் டெங். "இதுக்குச் சொந்தக்காரரு, அந்த சாங்ஹுவாக்காரர், சாவுக்கு வர்றாரு. போகும்போது லாரியில ஏத்திட்டுப் போவாரு." மெஷினை நிறுத்தினார். தானே மையெடுத்து, ஒவ்வொரு போல்ட்டிலும் அப்பா போடுகிற மாதிரியே கோடு இழுத்தார்.

சாங்ஹுவாக்காரர் வந்து மூன்று முறை குனிந்து வணங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, அவளைத் தனியே அழைத்தார்.

"கேக்கக் கூடாது. ஆனா கூட்டாளி பத்தி ஏதேதோ சொல்றாங்க. அந்த ஸ்பிண்டில உங்கப்பா தன் கையால மூடினாரா?"

டெங் இரண்டடி தள்ளித்தான் நின்றார். தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாதான் மூடினாரு," என்றாள் பெய்ச்சுவான். "சித்தப்பா கூடவே இருந்தாரு."

சவ வண்டி புறப்படப் போகிறது, எல்லோரும் வாருங்கள் என்று பந்தலிலிருந்து கூப்பிட்டார்கள். டெங் மட்டும் லாரிக்குப் பின்னால் போனார். ஸ்பிண்டில் இருந்த பெட்டி வழியில் குலுங்காமலிருக்க, தன் கோட்டைக் கழற்றி நான்காக மடித்து, அதன் அடியில் செருகினார்.