அந்த வரி வந்துடுச்சா?

சென்னப்பன் செத்து ஐந்து மாதம் ஆகிறது. இருந்தாலும் திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணியானால் ஓசூரில் இருக்கும் என் ஆபீசுக்கு வந்துவிடுகிறார். கதவோரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடித்த மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார். எனக்குப் பைத்தியம் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருஷமாக இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறேன். என்னைத் தூரத்தில் பார்த்தாலே ஜனங்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். செத்தவராவது தேடி வருகிறாரே.

தப்பு என்னுடையதுதான். போன தேர்தல் சமயத்தில் டிவியில் வாரிசு வரி, வாரிசு வரி என்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு வரி இருந்து, ஒழிந்து நாற்பது வருஷமாகிறது. திரும்பக் கொண்டுவரச் சட்டம் எதுவும் போடவில்லை. இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் ராயக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துக் கூட்டம் போட்டேன்.

கம்பெனிகள் வந்து நிலம் ஏக்கர் கோடிக்குப் போகிற பகுதி. நீங்கள் கண்ணை மூடினால் பாதி சர்க்காருக்குப் போய்விடும், பிள்ளைகள் வரி கட்ட மீதியை விற்க வேண்டியதுதான் என்றேன். தப்பிக்க இரண்டு வழி சொன்னேன். உயிரோடு இருக்கும்போதே நிலத்தைத் தானமாக எழுதிவிடுங்கள், நிலம் கிடைக்காத பிள்ளைக்கு உங்கள் பேரில் ஒரு பாலிசி போட்டுவிடுங்கள். கடைசியில் டீயும் வடையும் கொடுத்தேன். பயந்தவனுக்கு நன்றாகப் பசிக்கும்.

எல்லோரும் போன பிறகும் சென்னப்பன் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். அறுபத்தொரு வயது. மனைவி இல்லை. நாலு ஏக்கரில் தக்காளி போட்டிருந்தார். மகன் ஹரீஷ்குமார் ஓசூரில் ஒரு பேக்டரியில் சூப்பர்வைசர். மகள் பிரியாவை பர்கூரில் கிரானைட் வேலை செய்கிறவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்.

"நான் போனப்புறம் ரெண்டு பேரும் கஷ்டப்படக் கூடாதுங்க சார். எனக்கு அது ஒண்ணுதான்," என்றார்.

நிலம் மகனுக்கு, பாலிசி மகளுக்கு என்று பிரித்துக் கொடுத்தேன். வருஷா வருஷம் பிரீமியத்தை ஹரீஷ் கட்டுவதாக ஏற்பாடு. ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்புமாக இருக்கக் கூடாது இல்லையா என்று சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பத்திரம் எழுதியவர் விவரமானவர். சென்னப்பன் தன் ஆயுள் வரை அந்த நிலத்தை அனுபவிக்கலாம் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார். ரிஜிஸ்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் ஹரீஷ் என்னைத் தனியாக அழைத்து, அது இருந்தால் பேங்க் லோன் தராது என்றான். நானே போய் அந்த வாக்கியத்தை எடுக்கச் சொன்னேன். என்னத்த மாத்துறாங்க என்று சென்னப்பன் கேட்டதற்கு, எழுத்துப்பிழை என்றேன். அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

பத்திரம் பதிந்த எட்டாம் மாதம் ஹரீஷ் நிலத்தை ஒரு குடோன்காரருக்கு விற்றுவிட்டான். சென்னப்பன் சிப்காட் பக்கம் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறைக்கு வந்தார். கேஸ் போட்டால் ஜெயிக்கலாம் என்று யாரோ சொன்னார்களாம். பெத்த பிள்ளை மேல கேஸா என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் திங்கட்கிழமைகள் ஆரம்பித்தன. முன்பெல்லாம் மஞ்சப்பை நிறைய எனக்குத் தக்காளி கொண்டுவருவார். இப்போது வெறும் பையை மடித்து எடுத்துவந்தார்.

"அந்த வரி வந்துடுச்சாங்க சார்?"

முதலில் குத்திக்காட்டுகிறார் என்று எரிச்சல்பட்டேன். மூன்றாவது வாரம் அவரே சொன்னார்.

"வந்திருந்தா நான் செஞ்சது சரின்னு ஆயிருமுங்களே. பையன் வித்தா வித்துட்டுப் போறான், சர்க்காருக்குப் போகாம அவனுக்குத்தானே போச்சு. பிரியாவுக்குத்தான் பாலிசி இருக்குது."

வரும்போலத்தான் இருக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் சொல்லி அனுப்பினேன். அவரும் நிம்மதியாகப் போவார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நர்சுகளிடம் வீட்டுக் கன்னடத்திலேயே பேசிக்கொண்டிருந்தவர், எனக்காக அந்தக் கேள்வியை மட்டும் தமிழில் கேட்டார். அன்றைக்கென்று எனக்கு வெட்கம் வந்து தொலைத்தது. உண்மையைச் சொல்லி என் மனசைக் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"வரலைங்க ஐயா. அப்படி ஒண்ணு வராது," என்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் போய்விட்டார். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். கமிஷனுக்காக ஆயிரம் சொன்னவன், சாகிற மனுஷனுக்கு ஒரே ஒரு பொய்யைப் பிச்சையாகப் போடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆபீசில் தக்காளிச் செடியின் இலை வாசம் அடித்தது. இலையைக் கசக்கினால் விரலோடு ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பச்சை வாசம். அதற்கடுத்த வாரம் ஆளே வந்தார். அந்த இடத்தில் வேறு நாற்காலி போட்டுப் பார்த்தேன். திங்கட்கிழமை லீவு விட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சில் மஞ்சப்பையோடு இருந்தார், அதே கேள்வி.

போன வாரம் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "வந்துடுச்சுங்க ஐயா. பாதிக்குப் பாதி. உங்க பையன் தப்பிச்சான்."

"அப்போ சரி," என்றார். எழுந்து போனார். வாசமும் போனது. ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் தூங்கினேன்.

இன்றும் திங்கட்கிழமை. நாலு மணிக்குக் கதவு திறந்தபோது அவர்தான் என்று நினைத்தேன். வந்தவள் பிரியா. பர்கூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். குவாரியில் கல் விழுந்து புருஷனுக்குக் கால் போய்விட்டதாம், மூன்று மாதமாக வேலையில்லையாம். கதவோரத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து, அப்பாவின் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நெலம் அண்ணனுக்கு, உனக்கு பாலிசின்னு அப்பா சொல்லியிருந்தாருங்க சார். அந்தப் பணம் வந்துடுச்சாங்களா?"

ஹரீஷ் இரண்டாம் வருஷப் பிரீமியத்தைக் கட்டவில்லை. எனக்கு அது அப்போதே தெரியும். பெரிய கமிஷன் முதல் வருஷத்திலேயே கைக்கு வந்துவிட்டது, இரண்டாம் வருஷம் வருவது சில்லறை. அதனால் நான் யாருக்கும் போன் பண்ணவில்லை. சென்னப்பனுக்கு முன்னாலேயே பாலிசி செத்துவிட்டது.

பச்சை வாசம் அடித்தது. பிரியாவுக்குப் பின்னால், கதவைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. மகள் கேட்டதற்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் சொல்லப் பார்த்தேன். இவளுக்கு வேண்டியது பணம், பொய்யைக் கொண்டுபோய் என்ன செய்வாள். எல்லாவற்றையும் சொன்னேன், நான் போன் பண்ணாததையும் சேர்த்து.

அவள் அழவில்லை. பையின் மடிப்பைத் தடவினாள்.

"அப்பாவுக்கு இது தெரியுங்களா?" என்றாள்.

நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

"இப்பத்தாம்மா தெரிஞ்சுது," என்றேன்.