வலையில் உலர்ந்த ஆறு தாள்கள்

1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு ஊர்களுக்குள் புகுந்து வடிந்த நான்காம் நாள் காலை, மணப்பாடு என்ற கடற்கரை ஊரின் கத்தோலிக்கப் பங்குக் கோயிலிலிருந்து வந்த நிவாரணக் குழுவினர் முறப்பநாட்டுக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஆற்றங்கரைத் தெருவில் லாரியிலிருந்து இறங்கினார்கள். அரிசி மூட்டைகளின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயையும், அது காற்றில் பறந்துவிடாதபடி இழுத்துக் கட்டியிருந்த பழைய நைலான் வலையையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஆண்களும் பெண்களும் வீடு வீடாகச் சேறு அள்ளப் போனார்கள்.

பங்குப் பள்ளி ஆசிரியையான ஃபிளோராவுக்கு மட்டும் மண்வெட்டி கொடுக்கப்படவில்லை.

“படிச்ச பிள்ள சேத்துல நிக்காண்டாம்,” என்று குழுத் தலைவர் ஜேக்கப் சிரித்தார். “அந்த வீட்டுல ஏதோ காயிதம் நனைஞ்சு போச்சாம். நீ அங்கன போ டீச்சர்.”

அந்த வீடு கோபாலசுப்பிரமணியன் என்பவருடையது. உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. வீட்டார் மூவரும் மாடியில் இருந்து தப்பிவிட்டார்கள். ஆனால் கீழ் அறையிலிருந்த இரும்புப் பெட்டி மூன்று நாளும் வெள்ளத்துக்குள் கிடந்தது. அதில்தான் மகள் ஹம்ஸினியின் சான்றிதழ்கள் இருந்தன. பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை ஆறு தாள்கள், ஒன்றோடொன்று ஒட்டி, ஈர அட்டைபோல் ஆகியிருந்தன. திங்கட்கிழமை மதுரையில் அவளுக்கு வங்கி வேலைக்கான நேர்முகத் தேர்வு. அசல் சான்றிதழ் இல்லாதவர்கள் வர வேண்டாம் என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அன்று வியாழக்கிழமை.

“நகல் வாங்க மூணு மாசம் ஆகுமாம். நீங்க டீச்சராமே, பாத்துப் பிரிச்சுக் குடுங்கோ,” என்று ஹம்ஸினி அந்தக் கட்டை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

தனக்கு இதில் பழக்கமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு நம்பிக்கையோடு நீட்டிய கைகளின் முன்னால் ஃபிளோராவுக்கு அந்தச் சொல் வரவில்லை. மாடி வராந்தாவில் அமர்ந்து, கட்டின் அடித்தாளின் ஒரு மூலையை நகத்தால் நெம்பி, மெல்ல இழுத்தாள். தாள் வரவில்லை, மூலை மட்டும் கையோடு வந்துவிட்டது. அதில் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருந்தன.

சட்டென்று உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

“வந்துடுத்தா?” என்று படியிலிருந்து ஹம்ஸினியின் குரல் கேட்டது.

“கொஞ்சம்… நேரமாகுங்க.”

அப்போது, கை கால் முழுவதும் சேறாகத் தண்ணீர் குடிக்க மேலே வந்தாள் அந்தோணியம்மாள். ஐந்தாம் வகுப்புவரை ஃபிளோராவோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அதன்பிறகு கருவாடு காயப்போடப் போய்விட்டவள். இப்போது உடன்குடியிலும் சாத்தான்குளத்திலும் சந்தைக்குச் சந்தை கருவாடு விற்கிறாள்.

“என்னட்டி முழிக்கே? பரீட்சையில பெயிலா?” என்றவள், தாள்களைப் பார்த்ததும் குனிந்தாள். “ஏட்டி, பிய்க்கவா செஞ்ச? பாதி காஞ்சதைப் பிச்சா தோலு உரிஞ்சிரும்லா. நெத்திலி ஒட்டிக்கிட்டா நாங்க என்ன செய்யுதோம்? திரும்பத் தண்ணியில போடுவோம். அதுவா விடும்.”

“இது நெத்திலி இல்லட்டி.”

“ஒட்டுனா எல்லாம் நெத்திலிதான்.”

ஹம்ஸினியோடு அப்போதுதான் படியேறி வந்த கோபாலசுப்பிரமணியன் அதைக் கேட்டுப் பதறிப்போனார். “தண்ணிலேருந்துதானேம்மா எடுத்துண்டு வந்தோம்? மறுபடியும் தண்ணியிலயா? இருக்கிற மையும் போயிடுமே!”

“மூணு நாளு ஆத்துல கிடந்தும் போவாத மை, இன்னும் கா மணி நேரத்துலயா போவப் போவுது அண்ணாச்சி?”

ஹம்ஸினிதான் உள்ளே போய், குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரை ஒரு பெரிய தாம்பாளத்தில் ஊற்றி எடுத்து வந்தாள். அந்தோணியம்மாள் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். “மீன் வாடை அடிச்சா கோவப்படாதீங்க,” என்றாள்.

ஹம்ஸினியின் தாயார் ஜயலக்ஷ்மி அம்மாள் மூக்கைச் சுளித்துச் சிரித்தார். “நாலு நாளா இந்த வீட்டுல அடிக்கிற நாத்தத்துக்கு அது சந்தனம்டீ.”

கட்டு தண்ணீரில் அமிழ்ந்தது. ஹம்ஸினி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று நேரத்தில் மேல்தாளின் ஓரம், யாரோ அடியிலிருந்து ஊதுவதுபோல லேசாக எழும்பியது. அந்தோணியம்மாள் அடியில் விரல்களை விட்டு, தண்ணீரோடு சேர்த்தே தாளை ஏந்தி எடுத்தாள். எழுத்துகள் கொஞ்சம் வெளுத்திருந்தன. ஆனால் ஒன்றும் அழியவில்லை. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று தாள்கள் பிரிந்து வந்தன. லாரியில் கட்டியிருந்த வலையைக் கொண்டுவந்து, வராந்தாத் தூண்களுக்கிடையே தொட்டில்போல் இழுத்துக் கட்டி, வெயில் படாமல் காற்று மட்டும் படும்படி ஒவ்வொன்றாக விரித்தாள்.

“தலைகீழா போடுதியே,” என்றாள் ஃபிளோரா.

“இங்கிலீசுன்னா எனக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணுதான். நீ படிச்சுச் சொல்லு.”

கடைசியாக வந்த ஆறாவது தாளில் ஒரு மூலை இல்லை. கோபாலசுப்பிரமணியனின் முகம் வெளிறியது. “நம்பர் போயிடுத்தே! ஆத்தோட போயிடுத்தே!”

ஆற்றின்மேல் பழி போய்விட்டது. அப்படியே விட்டுவிடலாம்; யாருக்கும் தெரியாது. ஆனால் ஃபிளோராவின் கை தானாகவே முன்னால் நீண்டு விரிந்தது.

“ஆறு கொண்டுபோகல ஐயா. நான்தான் கிழிச்சுட்டேன். சொல்லப் பயமாயிருந்தது. மன்னிக்கணும்.”

ஹம்ஸினி அந்தத் துண்டை எடுத்தாள். உள்ளங்கைச் சூட்டில் சுருங்கியிருந்தாலும் இரண்டு இலக்கங்களும் அப்படியே இருந்தன. அவள் முதலில் அழுதாள். பிறகு அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். “பத்திரமா வச்சிருந்தேளே! தூக்கிப் போட்டிருந்தா நான் என்ன பண்ணுவேன்?”

“ஒட்டிரலாம். கீழ சோறு வெந்திருக்கும். ரெண்டு பருக்கை எடுத்துட்டு வாட்டி,” என்றாள் அந்தோணியம்மாள்.

குழுவினர் தெருவுக்காக வடித்திருந்த சோற்றிலிருந்து ஃபிளோரா நான்கு பருக்கைகள் கொண்டுவந்தாள். அவற்றை மசித்து, மூலையைப் பொருத்தி, பின்பக்கம் ஒரு மெல்லிய தாள் துணுக்கும் வைத்து அவளே ஒட்டினாள்.

“எவ்வளவு மார்க்கு?” என்று கேட்டாள் அந்தோணியம்மாள்.

“எல்லாம் நன்னாத்தான் இருக்கு. கணக்குல மட்டும் நாப்பத்தொண்ணு,” என்று ஹம்ஸினி கண்ணைத் துடைத்தாள். “அது மட்டும் அழிஞ்சிருக்கலாம்.”

மாலை நான்கு மணிக்கு ஜேக்கப் கீழிருந்து ஹார்ன் அடித்தார். “வலையை எடுத்துட்டு வாங்கட்டி! தார்ப்பாய் பறக்குதுல்லா?”

தாள்கள் இன்னும் முழுதாகக் காயவில்லை. ஃபிளோரா கைப்பிடிச் சுவரருகே வந்து, வாழ்நாளில் முதன்முறையாக அவரைக் கேட்காமலே உரக்கச் சொன்னாள்: “வலை இங்கன இருக்கட்டும் அண்ணே. நாளைக்கு வந்து எடுத்துக்கிடுதோம்!”

திரும்பும் வழியில், பறக்கப் பார்த்த தார்ப்பாயின் ஒரு முனையை அந்தோணியம்மாளும் மறு முனையை ஃபிளோராவும் மணப்பாடுவரை ஒருவரை ஒருவர் மாறி மாறி அதட்டிக்கொண்டே பிடித்து வந்தார்கள். ஃபிளோராவின் கட்டைவிரல் நுனியில் சோற்றுப்பசை காய்ந்து இழுத்தது. அதைக் கழுவ அவளுக்கு அவசரமில்லை.