இதர காரணங்கள்

தெருவில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பறைச் சத்தத்தையும் மீறி, உள்ளறையில் டிரங்குப் பெட்டி தரையில் உரசுவது செல்லம்மாளுக்குக் கேட்டது. புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் திரும்பினாள். பங்காளி பச்சமுத்து பெட்டியின் ஒரு காதைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

"எங்க எடுத்துக்கினு போற?"

பெரியவர் சொன்னார் என்றான் பச்சமுத்து. ராஜாராமுக்கு உயிரோடு இருந்தவரை அந்தப் பெட்டியிலிருந்த காகிதங்கள்தான் எல்லாம். பிடித்தது எதுவோ அது அவனோடேயே போகட்டும், சிதையில் வைத்துவிடலாம் என்றாராம். அதைக் கேட்ட பெண்கள் இரண்டு பேர் இன்னும் உரக்க அழுதார்கள். செல்லம்மாளுக்கு மட்டும் அழுகை நின்றுவிட்டது.

ராஜாராம் மானாம்பதிப் பக்கத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். எட்டு வருடமாக மதராஸில் பகுதிநேர ஆராய்ச்சி மாணவரும்கூட. ஆராய்ச்சித் தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஊர்க்கோடிக் குடியிருப்புப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்போடு ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். அதற்காக ஞாயிறு, வெள்ளி பார்க்காமல் சைக்கிளில் வீடு வீடாக அலைந்தார். கேள்வித்தாளில் காரணத்துக்கு ஐந்து கட்டங்கள் அச்சடித்திருந்தார்கள்: வறுமை, ஆர்வமின்மை, தூரம், நோய், இதர. வழிகாட்டிப் பேராசிரியர் மனோதத்துவத்தில் பெரிய படிப்பு படித்தவர். இந்தப் பிள்ளைகளுக்கு முன்னேறும் ஊக்கமே குறைவு, ஆர்வமின்மையில் டிக் போட்டுக்கொண்டு வாருங்கள், ஆறே மாதத்தில் பட்டம் என்றார். அவர் மானாம்பதியை மேப்பில்கூடப் பார்த்ததில்லை.

ராஜாராம் அந்தக் கட்டத்தில் டிக் போடவில்லை. 'இதர' என்ற கட்டத்தில் கட்டைவிரல் வைக்கக்கூட இடமில்லை. அதனால் தாளைத் திருப்பி, பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடியே பின்பக்கத்தில் எழுதினார். சாயங்காலங்களில் செல்லம்மாள் அவற்றைப் படித்து, நாலு கோடும் குறுக்கே ஒரு கோடுமாகப் போட்டு எண்ணிக்கொடுப்பாள். அவள் படித்தது ஐந்தாவது. ஆனாலும் அவள் எண்ணிக்கையில் ஒருநாளும் பிசகு வந்ததில்லை. மொத்தம் முந்நூற்றுப் பதினோரு தாள். அதில் நாற்பத்து மூன்றின் பின்பக்கம் ஒரே பெயர் இருந்தது. வேதாசலம் ஆண்டை வூட்டு மாடு மேய்க்கறேன். வேதாசலம் ஆண்டை கொட்டாயில சாணி அள்றேன். வேதாசலம் ஆண்டை நாத்தங்கால்ல குருவி ஓட்டறேன்.

வேதாசலம் ராஜாராமின் கூடப்பிறந்த அண்ணன். போன தை மாதம் வந்தபோது ஒரு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நேற்று மத்தியானம் ஏரிக்கரை மேட்டில் சைக்கிள் மிதித்துப் போன தம்பி மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான் என்றதும்தான் வந்தார். மாலை போட்டார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பெட்டி எங்கே என்று கேட்டார்.

அந்த வீட்டில் புருஷனின் அண்ணனான மச்சாண்டாரிடம் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் இல்லை. பதினாறு வருடத்தில் செல்லம்மாள் அவரிடம் நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, சாப்பாடு ஆயிடுச்சுன்னு சொல்லு என்று காற்றிடம் சொல்வாள். யாராவது அவரிடம் போய்ச் சொல்வார்கள். இன்றைக்கு எழுந்து வந்தாள். வாசற்படிவரை வந்துவிட்ட பெட்டிமேல் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, இந்தப் பொட்டி எங்கியும் போவாது."

வேதாசலம் அவளுக்குப் பதில் சொல்லாமல் கூட்டத்திடம் பேசினார். துக்கத்தில் என்ன பேசுகிறோம் என்று அதற்கே தெரியவில்லை, பிள்ளை குட்டி இல்லாத பெண், இந்தக் குப்பையைக் கட்டிக்கொண்டு என்ன செய்யும் என்றார். குரலில் பாசத்துக்குக் குறைவில்லை. பஞ்சாயத்துகளில் பழகிய குரல்.

"குப்பைன்னா வுட்டுட்டுப் போங்க. அதுல உங்க பேரு நாப்பத்தி மூணு எடத்துல கீது. அத்தொட்டுதான எரிக்கச் சொல்றீங்க?"

பாடைக்குக் கீற்று முடைந்தவர்களின் கை நின்றது. யாரோ இருமினார்கள். வேதாசலத்தின் முகம் கறுத்தது. பெட்டி சிதைக்கு வராவிட்டால் தன் மகன் கொள்ளி வைக்கமாட்டான் என்றார். அந்த வீட்டுக்குக் கொள்ளி வைக்க வேறு வாரிசு இல்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

அப்படியொரு பயத்தைச் செல்லம்மாள் வாழ்நாளில் அறிந்ததில்லை. ஆனாலும் பெட்டியைவிட்டு எழவில்லை.

"வெக்க வேணாம். பச்சமுத்து வெக்கட்டும். அவனும் மாட்டன்னா, நானே வந்து வெக்கறன்."

பச்சமுத்து பெட்டியின் காதை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "நான் வெக்கறன் அண்ணி" என்றான், வேதாசலத்தைப் பார்க்காமலே.

வேதாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அவர் மகனே தீச்சட்டியைத் தூக்கினான். தம்பியின் கொள்ளியைப் பங்காளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு உத்திரமேரூர் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

உடலைத் தூக்கினார்கள். மற்ற பெண்கள் அழுதபடி தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனார்கள். செல்லம்மாள் போகவில்லை. எழுந்தால் பெட்டி போய்விடும். பதினாறு வருடம் கூட வாழ்ந்தவரை முனைவரைக்கும்கூட வழியனுப்ப விடாமல் செய்துவிட்டார்களே என்று நெஞ்சு வெடித்தது. உட்கார்ந்த இடத்திலேயே வாய்விட்டு அழுதாள்.

போன பெண்கள் திரும்பி வந்து வீட்டைக் கழுவினார்கள். அவள் தலையில் தண்ணீர் ஊற்ற எழுந்திரு என்றார்கள். இங்கேயே ஊத்துங்க என்றாள். பெட்டியை உள்ளே இழுத்து, அதன்மேல் பழைய பாயைப் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே குனிந்து உட்கார்ந்து ஊற்றிக்கொண்டாள்.

தோட்டத்துப் பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. ஊர்க்கோடிக் குடியிருப்பு ஜெயம்மா. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"சாரு இன்னிக்கு வர்றன்னு சொல்லிக்கினு இருந்தாரும்மா" என்றாள் ஜெயம்மா. "எங்க வூடு ஒண்ணுதான் எழுத பாக்கி."

"தெரியும். உள்ள வா."

ஜெயம்மா நிலைப்படியைப் பார்த்தாள், வீடு கழுவிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள். செல்லம்மாள் மறுபடியும் வா என்றாள். ஜெயம்மா படி தாண்டி உள்ளே வந்து, ஈரத்தரையில் குந்தினாள். ஒருத்தி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வெளியே போனாள்.

சைக்கிள் கேரியரிலிருந்து எடுத்துவைத்த எழுதாத கேள்வித்தாள்களின் கட்டு அலமாரியில் இருந்தது. செல்லம்மாள் அதிலிருந்து ஒரு தாளை உருவினாள். பேனா ராஜாராமின் சட்டைப்பையில் இருந்தது, சட்டை ஆணியில் தொங்கியது.

"பெரியவரு பேரு எழுதினா அவுரு உன்ன சும்மா வுடமாட்டாரு, ஜெயம்மா."

சுடுகாட்டுப் பக்கமிருந்து பறை லேசாகக் கேட்டது.

"எழுதும்மா" என்றாள் ஜெயம்மா. "அங்க தம்பி எரிஞ்சிக்கினு கீறாரு. எம் பொண்ணு இப்பக்கூட அண்ணன் கொட்டாயில சாணி அள்ளிக்கினுதான் கீது."

செல்லம்மாள் பாயை நீக்கிப் பெட்டிமேல் தாளை வைத்தாள். மேல் மூலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எண் போட்டாள். ஐந்து கட்டங்களும் காலியாகக் கிடந்தன. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தாள்.