கொழுந்தன் நடந்த நடை

"என் மூச்சுக்கு உங்க தம்பி யாருங்க நடக்கறதுக்கு?"

"மெதுவா பேசு. கத்தினா மூச்சு வாங்கும்."

"வாங்கட்டும்! அதையும் உங்க தம்பியையே வாங்கிக்கச் சொல்லுங்க!"

இந்த இடத்தில்தான் நான் காலி வாளியோடு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாய் கீழேதானே இருக்கிறது, வாளியோடு மேலே என்ன வேலை என்று கேட்காதீர்கள். சத்தம் மேலே இருந்தது.

கத்தியவள் மாடியில் குடியிருக்கும் தையல்காரி. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் குழாயில் அவளுக்கு அழுத்தம் அதிகம். கையில் பட்டை சுற்றிப் பார்க்கிற பிரஷர் வேறு, இது வேறாம். பார்க்க ஆள் கல்லு மாதிரி இருப்பாள். படியேறினால் மட்டும் பாதியில், என் வாசலுக்கு நேராக உட்கார்ந்துவிடுவாள். மூச்சு திரும்புகிற வரைக்கும் அவளிடமிருந்து எனக்கு ஊர்ச்செய்தி.

பெரிய ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்த்தார்கள். சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. கூடவே மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டை. அது நடையையும் நாடித் துடிப்பையும் எண்ணி, போகிற இடத்தையும் குறித்து ஃபோனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பும். "எழுந்திருங்கள், தெருமுனை வரை போய் வாருங்கள்" என்று ஃபோன் சொல்லும். தையல்காரி அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தாள். "பெத்தவளே இவ்வளவு விரட்டினதில்ல."

மாத்திரை ஆரம்பித்த பிறகு அவள் என் வாசலில் உட்காருகிற நேரம் குறைந்துவிட்டது. எனக்கு நஷ்டம்தான், இருந்தாலும் சந்தோஷப்பட்டேன்.

அவள் புருஷன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிறவர். இல்லாத தப்பையும் கண்டுபிடிக்கிற உத்தியோகம் அல்லவா? நடை குறைந்தால் சோதனையிலிருந்து இவளைக் கழித்துவிடுவார்கள், மாத்திரையும் போய்விடும் என்று அவராகவே முடிவுகட்டினார். யாரிடமாவது கேட்டாரா? கேட்டால் அவர் பரிசோதகர் இல்லையே.

தைக்கும்போது பட்டை துணியில் மாட்டும் என்று தையல்காரி அதைக் கழற்றி மிஷினில் நூல்கண்டு குச்சியில் தொங்கவிடுவாள். "சார்ஜ் போடறேன்" என்று புருஷன் அதை ஃபோனோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய், தானே கட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். மாமியார் பூரித்துப்போய் இன்னும் கொஞ்சம் நடக்கச் சொன்னாள். அவரும் நடந்தார். இன்னும் கொஞ்சம் என்றாள். முழங்கால் வீங்கியதும் பட்டை தம்பி கைக்கு மாறியது. சும்மா இருந்த கொழுந்தன். வேலையும் இல்லை, வெட்கமும் இல்லை.

"அபாரம்! நீங்கள் எல்லோருக்கும் முன்மாதிரி!" என்று ஃபோன் புகழ்ந்தபோதுகூட தையல்காரி சந்தேகப்படவில்லை. "மாமியார் புகழ்ந்தா ஏதோ வேலை ஆகணும்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு காஜா போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஃபோனில் கூப்பிட்டாள். "சாயங்காலம் நீங்க வாக்கிங் போறப்போ சலவைக்கடை கிட்ட மட்டும் துடிப்பு எகிறுதும்மா. மாத்திரை ஒத்துக்கலையோன்னு பயமா இருக்கு. நிறுத்தறதைப் பத்தி டாக்டர் பேசணுமாம், நாளைக்கு வாங்க."

சாயங்காலம் மிஷினை மிதிக்கிறவள் எந்தச் சலவைக்கடைக்குப் போனாள்? திரும்பிப் பார்த்தாள். கொழுந்தன் மணிக்கட்டில் பட்டையோடு நின்றிருந்தான். மீதிதான் நீங்கள் கேட்டது.

மறுநாள் புருஷனும் கொழுந்தனும் அவளோடு போக, துணைக்கு நானும் போனேன். அவள் கூப்பிடவில்லை, கூப்பிடுகிற வரைக்கும் காத்திருந்தால் கதை பாதியில் நின்றிருக்கும்.

டாக்டர் கம்ப்யூட்டரில் மேடு பள்ளமாக ஒரு கோட்டைக் காட்டினார். "அசாத்தியமா நடக்கறீங்கம்மா. ஆனா இந்தத் துடிப்பு..."

"அது என்னோடது இல்ல டாக்டர். என் கொழுந்தனோடது."

புருஷன் இருமிவிட்டு, நடை குறைந்தால் கழித்துவிடுவார்களே என்ற தன் பயத்தைச் சொன்னார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நர்ஸ் கொழுந்தனைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த இடத்துல என்னப்பா இருக்கு?"

"சலவைக்கடைங்க."

"அங்க என்ன நடக்குது?"

"துணி வெளுக்கறாங்க."

"அதுக்கா இந்தப் படபடப்பு?"

பையன் காது சிவந்தது. "கடைக்காரர் பொண்ணு கணக்கு எழுதும்ங்க" என்றான்.

"அடப்பாவி!" என்றாள் தையல்காரி. "நேத்து தைச்ச சட்டையை இன்னிக்கே வெளுக்கப் போட்டியே, அதுக்கா? உன் காதலுக்கு என் மாத்திரையில கை வெப்பாங்களா?"

டாக்டருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "குறைவா நடந்தா யாரையும் கழிக்க மாட்டோம் சார். இவங்க நிஜமா எவ்வளவு நடக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தானே மருந்து வேலை செய்யுதான்னு சொல்ல முடியும்? இப்ப இவங்களே நடந்து காட்டட்டும்."

வராந்தாவில் ஆறு நிமிட நடை. நர்ஸ் கடிகாரத்தோடு நின்றாள். தையல்காரி கிளம்பியதும் புருஷனும் பழக்கதோஷத்தில் கூடவே கிளம்பிவிட்டார். அவரைப் பிடித்து உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவள் குழாயடியில் ஒருதடவை நின்றாள். சுவரைப் பிடித்தாள். நான் என் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு தானாகவே கையை எடுத்துவிட்டு மறுபடி நடந்தாள். சோதனையில் சேர்ந்த அன்று நடந்ததைவிட அதிக தூரம். மாத்திரை நிற்கவில்லை. அது நிஜ மாத்திரையா, மாவா என்று மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

கொழுந்தனும் அண்ணனும் நடந்ததையெல்லாம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். "அவ்வளவும் வீணா?" என்றார் பரிசோதகர்.

"உங்க உடம்புக்கு வீண் இல்ல சார்" என்றாள் நர்ஸ்.

பட்டையை இப்போது தையல்காரி நூல்கண்டு குச்சியில் தொங்கவிடுவதில்லை, கையிலேயே கட்டியிருக்கிறாள். மாமியார் புகழ்வதை நிறுத்திவிட்டாள். "இன்று சிறிது முயலலாமே" என்கிறாள். இவளும் முயல்கிறாள். படியில் நிற்கிறாள்தான், ஆனால் என் வாசலைத் தாண்டி. செய்தி வேண்டுமென்றால் நான்தான் ஏறவேண்டியிருக்கிறது.

கொழுந்தனுக்கும் சலவைக்கடைப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைச் சட்டையை அண்ணியே தைத்தாள், கழுத்தைக் கொஞ்சம் இறுக்கமாகவே. பெண்ணின் சித்தப்பாவுக்கு வேறு ஊரில் ஒரு சலவைக்கடை. இருவரும் அங்கே குடிபோய்விட்டார்கள். போவதற்கு முன் அண்ணி அவன் கையில் பட்டையைக் கட்டி, மனைவிக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தாளாம். துடிப்பு சீராகத்தான் இருந்ததாம்.